வேலை, வீடு, நடுவில் சிலம்பம்: முப்பதைத் தாண்டியவர்கள் தொடங்குவது எப்படி

அலுவலகம், குழந்தை, சமையல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு சிலம்பம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வீடு சென்னை வேளச்சேரியில், வேலை ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில், மகள் நான்காம் வகுப்பு. சிலம்ப வகுப்பு ஒவ்வொன்றாக ஏறி இறங்கியபோது எல்லோரும் முதலில் கேட்டது, "பாப்பாவுக்கா மேடம்?" என்றுதான். எனக்குத்தான் என்றதும் தயங்கினார்கள். வேலைக்குப் போகிற ஒருவருக்கு எந்த நேரம் ஒத்துவரும், மொத்தம் எவ்வளவு ஆகும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். தொகைகள் சென்னையில் நான் விசாரித்தவை. மற்ற ஊர்களில் அவை மாறும், செய்யவேண்டிய முறை மாறாது.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேர்பெற்ற ஆசானைத் தேடுவதற்கு முன் பக்கத்து மைதானத்தைத் தேடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் சிலம்பத்தை விடுவது கஷ்டமாக இருப்பதால் அல்ல, போய்வரும் நேரம் தாங்காததால்தான்.

1. வாரத்தைக் காகிதத்தில் போடுங்கள்

"ஒரு மணி நேர வகுப்பு" என்று சொல்வார்கள். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். காலை 6 மணி வகுப்பு என்று வையுங்கள். 5.15-க்கு எழுந்து, முகம் கழுவி, உடை மாற்றி, வண்டியை எடுக்க 5.40. வகுப்பு 7-க்கு முடியும். வணக்கம் போட்டு, கம்பை வைத்து, ஆசான் சொல்லும் ஒரு திருத்தத்தைக் கேட்டுக் கிளம்ப 7.10. வீடு சேர 7.30. வியர்வை அடங்கிக் குளித்து முடிக்க 8. ஆக, ஒரு மணி நேர வகுப்புக்கு வீட்டிலிருந்து போவது இரண்டே முக்கால் மணி நேரம். மைதானம் இன்னும் பத்து நிமிடம் தள்ளி இருந்தால் மூன்றைத் தாண்டிவிடும். அதனால்தான் நான் ஒரு எல்லை வைத்துச் சொல்கிறேன்: இருசக்கர வண்டியில் 15 நிமிடத்துக்கு மேல் ஆகும் வகுப்பு, எவ்வளவு நல்ல வகுப்பாக இருந்தாலும், முதல் வருடத்துக்கு வேண்டாம்.

காலையா மாலையா? மாலை வகுப்பு உங்கள் மேலாளர் கையில் இருக்கிறது. ஆறு மணிக்குக் கூட்டம் போட்டால் அன்றைய வகுப்பு போயிற்று. அதோடு ஓ.எம்.ஆரில் இருக்கும் சோழிங்கநல்லூரில் கிளம்பி வேளச்சேரி வந்து சேரும் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காலை வகுப்பு உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் முந்தின இரவு பத்து மணிக்குப் படுத்தாக வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர்கள் பணி முடிந்த கையோடு காலை வகுப்புக்குப் போகாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் கம்பு சுற்றுவது உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. அவர்களுக்கு மாலை நாலரை மணி வாக்கில், பணிக்குக் கிளம்புவதற்கு முன் நடக்கும் வகுப்புதான் சரி. பள்ளிப் பிள்ளைகளுக்காக அந்த நேரத்தில் பல இடங்களில் வகுப்பு நடக்கிறது. கேட்டால் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எத்தனை நாள் என்பது அடுத்த கேள்வி. வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் வீட்டில் 15 நிமிடம் போதும். கூட்டினால் 165 நிமிடம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தனியாக உடற்பயிற்சிக்கூடத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் வகுப்பில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு நாளும் ஒட்டி வந்து, பிறகு ஐந்து நாள் இடைவெளி விழும்போது கை மறந்துவிடும். அது போக, கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் அந்த இரண்டு நாளில்தான் வரும். ஞாயிறு ஒன்று, வாரநாளில் ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

2. வீட்டில் பேசுங்கள், வேலையைப் பங்குபோட்டுப் பேசுங்கள்

"எனக்கும் கொஞ்சம் நேரம் வேணும்" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். புதன்கிழமை காலை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். என்ன வேலை யார் கைக்கு மாறுகிறது என்று பெயர் சொல்லிப் பேசவேண்டும். நான் சொன்னது இதுதான்: "ஏங்க, புதனும் ஞாயிறும் காலையில நான் இருக்க மாட்டேன். புதன்கிழமை பாப்பாவுக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, வேன்ல ஏத்துறது உங்க பொறுப்பு." தலை பின்னத் தெரியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இப்போது அவர் போடும் இரட்டைப் பின்னல்தான் மகளுக்குப் பிடிக்கிறது.

வகுப்பு நாளின் சமையலை முந்தின இரவே பாதி முடித்துவிடுங்கள். காய் நறுக்கி வைத்து, தோசை மாவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் காலையில் பதற்றம் இல்லை. அலுவலக நாட்காட்டியில் அந்த நாளின் முதல் அரைமணியை அடைத்து வையுங்கள். காரணம் கேட்டால் மறைக்க வேண்டாம், சிலம்ப வகுப்பு என்றே சொல்லுங்கள்.

3. எந்த மாதத்தில் சேர்வது

பொங்கல் முடிந்த கையோடு, அல்லது ஜூன் கடைசியில். இந்த இரண்டும்தான் நல்ல நேரம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் மைதானம் சேறாகும், வகுப்பு நடக்குமா நடக்காதா என்று காலையில்தான் தெரியும். மார்ச், ஏப்ரலில் தேர்வு என்று பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், பல இடங்களில் வகுப்பே சுருங்கும். மே மாதம் கோடைப் பயிற்சி முகாம். ஒரே ஆசானிடம் அறுபது பிள்ளைகள் நிற்பார்கள், புதிதாகச் சேர்ந்த பெரியவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். அக்னி நட்சத்திர வெயில் வேறு.

ஜனவரியில் சேர்ந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் அப்போது சூரியன் உதிக்கவே ஆறரை ஆகும். ஐந்தரை, ஆறு மணி வகுப்பு என்றால் மைதானத்தில் விளக்கு இருக்கிறதா? இருட்டில் கம்பு கண்ணுக்குத் தெரியாது.

4. சேருவதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

சிலம்ப வகுப்புகள் பெரும்பாலும் விளம்பரப் பலகை வைப்பதில்லை. மாநகராட்சி விளையாட்டுத் திடல், பள்ளி வளாகம், கோயில் திடல், பூங்கா என்று காலை ஆறு மணிக்கு ஒரு சுற்று வந்தால் கண்ணில் படும். ஒவ்வொரு மாவட்டத்திலும் விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கேட்டாலும் சொல்வார்கள்.

பார்க்கவேண்டியது நான்கு. முதலாவது, கம்பை எடுப்பதற்கு முன் கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாவற்றையும் அசைத்துச் சூடாக்குகிறார்களா. இரண்டாவது, இரண்டு பேருக்கு நடுவில் பத்தடியாவது இடைவெளி இருக்கிறதா. மூன்றாவது, பெரியவர்கள் யாராவது ஏற்கெனவே கற்கிறார்களா. நான்காவது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது: புதிதாக வந்தவருக்கு முதலில் காலடி, அதாவது காலை எடுத்துவைத்து நகரும் முறை, சொல்லிக்கொடுக்கிறார்களா, இல்லை கம்பைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொல்கிறார்களா? கம்பு கண்ணைக் கவரும். ஆனால் கால் நிற்காதவருக்குக் கை எவ்வளவு வேகமாகப் போனாலும் பயனில்லை. காலடியைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசான் உங்கள் முட்டியையும் காப்பாற்றுவார்.

பெண்கள் கூடுதலாகப் பார்க்கவேண்டியது, பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள், உடை மாற்ற இடமும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்பது. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேட்டபின் முகம் சுளிக்கிற இடம் என்றால் அங்கே சேரவேண்டாம்.

தவிர்க்கவேண்டியவை:

ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். மைதானம் கைமாறும், நேரம் மாறும், உங்கள் வேலை மாறும். எனக்குத் தெரிந்த ஒருவர் வருடத்துக்குக் கட்டிய பின், வகுப்பு ஏழு கிலோமீட்டர் தள்ளி வேறு இடத்துக்குப் போய்விட்டது. பணம் திரும்பவில்லை. மாதாமாதம், அதிகம் போனால் மூன்று மாதம்.

"ஆறு மாதத்தில் பயிற்சியாளர் சான்றிதழ்" என்பதையும் நம்பவேண்டாம். ஆறு மாதத்தில் ஒற்றைக் கம்பு வீச்சு ஓரளவு ஓட்டமாக வரும், அவ்வளவுதான். சில இடங்களில் கராத்தேயைப் போலப் பட்டை முறை வைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தேர்வுக் கட்டணம் வாங்குகிறார்கள். அது தவறில்லை, ஆனால் வருடத்துக்கு எத்தனை தேர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

5. காகிதங்கள்

பெரிய பட்டியல் இல்லை. ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு, அவசரத்துக்கு அழைக்கவேண்டியவரின் எண், இரத்த வகை. சேர்க்கைப் படிவத்தில் "காயம் ஏற்பட்டால் பயிற்சிக்கூடம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுவதும் படியுங்கள்.

மருத்துவரின் உடல்தகுதிச் சான்றை எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், முதுகுத்தண்டு வலி, தோள்மூட்டுப் பிரச்சினை இருப்பவர்களும் சிசேரியன் ஆனவர்களும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே தொடங்கவேண்டும். "சிலம்பம்" என்று மட்டும் சொன்னால் சிலருக்குப் புரியாது. தாழ்ந்து நிற்கவேண்டும், உடம்பைத் திருப்பவேண்டும், தலைக்கு மேல் கையைச் சுழற்றவேண்டும் என்று விளக்கிச் சொல்லுங்கள்.

கையோடு இன்னொன்றையும் செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்களுக்குப் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்குத்தான் அது, சிகிச்சைச் செலவைத் தராது. சுளுக்கு, எலும்பு முறிவுச் செலவுக்கு உங்கள் மருத்துவக் காப்பீடு எதைத் தரும், எதைத் தராது என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. செலவு

நான் விசாரித்த இடங்களில் மாதக் கட்டணம் 500 முதல் 1,500 ரூபாய் வரை. சேர்க்கைக் கட்டணம் 500 முதல் 1,000. சீருடை 600 முதல் 900. மூங்கில் கம்பு ஒன்று 150 முதல் 400. வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு மணிக்கு 500-க்கு மேல் ஆகிறது. எல்லாமே உச்சத்தில் போனாலும், இரண்டு கம்பு சேர்த்து, முதல் மாதம் மொத்தமாக 4,200 ரூபாய் கையில் இருந்தால் போதும். கோயில் திடலில் கட்டணமே வாங்காமல், குருபூஜைக்குத் தட்சிணை மட்டும் வாங்கும் ஆசான்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் சேர்ந்தால் நேரம் தவறாமல் போவதுதான் நீங்கள் கொடுக்கும் மரியாதை.

சீருடையை இரண்டு மாதம் கழித்து வாங்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

7. கம்பு வாங்குவது

நேராக நின்று கம்பைப் பக்கத்தில் ஊன்றினால் நெற்றி மட்டத்துக்கு வரவேண்டும். அதுதான் பரவலாகச் சொல்லும் அளவு. சில ஆசான்கள் புருவம் வரை போதும் என்பார்கள், உங்கள் ஆசான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்காதீர்கள், கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

கம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். மெல்லிய வளைவு இருந்தால் தீயில் வாட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். கணுவுக்குக் கணு விரலை ஓட்டுங்கள். கணு சீவி மழமழப்பாக இல்லாவிட்டால் உள்ளங்கை கிழியும். நெடுக்காக மயிரிழை வெடிப்பு இருந்தால் வேண்டாம், இன்னொரு கம்பின் அடியை வாங்கும்போது அது பிளந்து சிராய் கண்ணில் பாயும். பொடிப்பொடியாகத் துளை தெரிந்து, தட்டினால் மாவு உதிர்ந்தால் உளுத்த கம்பு, அதையும் விட்டுவிடுங்கள். நடுவில் ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள், ஒரு பக்கம் ரொம்பச் சாய்ந்தால் சுழற்சியில் மணிக்கட்டு வலிக்கும்.

பிரம்பு வளைந்து கொடுக்கும், பிளக்காது. சண்டைப் பயிற்சிக்கு அது வேண்டியிருக்கும். தொடக்கத்துக்கு எடை குறைந்த மூங்கிலே போதும்.

இரண்டு கம்பு வாங்குங்கள். ஒன்று வகுப்பிலேயே இருக்கட்டும், ஒன்று வீட்டில். ஐந்தரை அடிக் கம்பை இருசக்கர வண்டியில் குறுக்கே வைத்துப் போவது உயிருக்கு ஆபத்து. பேருந்திலும் அதை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. இரண்டாகக் கழற்றிப் பூட்டும் கம்பும் கிடைக்கிறது. சுற்றிப் பழக அது பரவாயில்லை, அடித்துப் பழக வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை வேப்பெண்ணெய் தடவி, வெயில் படாத இடத்தில் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்தே வைத்தால் வளைந்துவிடும்.

8. உடை, நகை, கண்ணாடி

தளர்வான பேன்ட், பனியன் துணிச் சட்டை. துப்பட்டா வேண்டாம். வளையலைக் கழற்றிவிடுங்கள், கண்ணாடி வளையல் என்றால் கட்டாயம். தாலிச் செயினைக் கழற்ற விருப்பமில்லாதவர்கள் சட்டைக்குள் விட்டுப் பின் குத்திக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றி வரும் வீச்சில் கம்பு முனை அதில்தான் மாட்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பிளாஸ்டிக் வில்லைக்கு மாற்றி, பின்னால் பட்டை போட்டு இறுக்குங்கள்.

9. முதல் மூன்று மாதம் வீட்டில் என்ன செய்வது

அடுக்குமாடி வீட்டில் முழுக்கம்பு சுற்ற முடியாது, மின்விசிறி இருக்கிறது. அதற்காகப் பயிற்சியை விடவேண்டாம். காலடிக்கு நாலடிக்கு நாலடி இடம் போதும். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் போட்டு, வகுப்பில் கற்ற அடிவரிசையைக் கை இடுப்பில் வைத்தபடி மெதுவாகப் போட்டுப் பாருங்கள். எந்தக் காலில் எடை இருக்கிறது, திரும்பும்போது குதிகால் எங்கே போகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு வரிசையை நான்கு திசைக்கும் முடித்துவிடலாம். மூன்றடிச் சிறு குச்சி ஒன்று வைத்துக்கொண்டால் மணிக்கட்டுச் சுழற்சியை உட்கார்ந்தபடியே பழகலாம். இடது கைக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

மொட்டை மாடிக்குப் போவதாக இருந்தால் கொடிக்கயிறு, கேபிள் ஒயர், மழைக்குப்பின் பிடிக்கும் பாசி ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சிமெண்டுத் தரையில் குதித்துத் திரும்புவதைத் தவிர்த்து, அதை மண் மைதானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையில் கொப்புளம் வருவது இயல்பு, சில வாரத்தில் காய்த்துவிடும். முன்கை இழுப்பதும் இயல்புதான். ஆனால் விரல் மரத்துப்போவது, முழங்கை எலும்பில் குத்துவது, முட்டி வீங்குவது ஆகியவை இயல்பு அல்ல. உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ஆசானிடமும் சொல்லுங்கள். நல்ல ஆசான் அன்றைக்குக் கம்பை வாங்கி வைத்துவிட்டுக் காலடி மட்டும் கொடுப்பார்.

10. விட்டுப்போனால்

விட்டுப்போகும். காய்ச்சல் வரும், மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், அலுவலகத்தில் வருடக் கடைசி வேலை குவியும். அந்த மாதத்துக்குக் கட்டணம் வாங்குவார்களா என்பதைச் சேரும்போதே பேசிவையுங்கள். பல ஆசான்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வராவிட்டால் பாதிதான் வாங்குகிறார்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். வகுப்புக்குப் போக முடியாத வாரத்திலும் வீட்டுப் 15 நிமிடத்தை விடாமல் இருந்தால், திரும்பிப் போகும்போது முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்காது. நீண்ட இடைவெளிக்குப் பின் போகிறவர்கள் முதல் வாரம் முழு வேகத்தில் சுற்றாதீர்கள். தோள்பட்டை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.

11. போட்டிக்குப் போக ஆசை வந்தால்

ஒரு வருடம் கழித்து வரும். வரட்டும். ஒற்றைக் கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு வீச்சு, எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை என்று பிரிவுகள் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒற்றைக் கம்பு வீச்சுதான் ஒத்துவரும். தொடுமுறைக்குத் துணை ஆள் வைத்து வாரத்துக்கு நான்கு நாளாவது பழகவேண்டும்.

2021-இல் தமிழ்நாடு அரசு விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு வேலை இட ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இதைச் சொல்லியே சிலர் "தேசிய அளவுச் சான்றிதழ்" என்று ஆயிரக்கணக்கில் நுழைவுக் கட்டணம் கேட்கிறார்கள். கிடைக்கிற சான்றிதழ் எல்லாமே அரசு வேலைக்குச் செல்லுபடியாகிவிடாது, சிலதுதான் ஆகும். பணம் கட்டுவதற்கு முன் போட்டியின் பெயரையும் நடத்தும் சங்கத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு போய், மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இருக்கிறது. பதிவு இணையத்தில், கடைசித் தேதிக்கு நெருக்கத்தில் தளம் திணறும், முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். வயதுப் பிரிவை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கல்யாணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறிய பெண்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். அதைத் திருத்தச் சில வாரம் ஆகலாம், அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது.